பழுப்பு உறையில் வந்த புத்தகச் செய்தி

மூன்று வாரங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பியிருந்தார். "புக் பிரிண்ட் ஆகி வந்துடுச்சு. இருநூறு காப்பி. கட்டில் அடியில வச்சிருக்கேன். சின்னதா ஒரு வாசிப்பு வைக்கலாம்னு பாக்குறேன். நீதான் எல்லா நிகழ்ச்சிக்கும் அறிவிப்பு எழுதுவியே, எனக்கும் ஒன்னு எழுதிக் குடேன்."

அவர் எழுதியிருப்பது ஒரு குறுநாவல். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதல் கதை. ஒருத்தி தாதி, இன்னொருத்தி துணைப்பாட ஆசிரியை. சண்டை போடுகிறார்கள், பிரிகிறார்கள், சேர்கிறார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயதானதும் திருமணமாகாதவர்கள் கூட்டாக வாங்கும் திட்டத்தில் வீவக வீட்டுக்கு விண்ணப்பிப்பதோடு கதை முடிகிறது. சிங்கப்பூரில் இதைவிட இன்பமான முடிவு வேறென்ன இருக்கிறது என்று படித்து முடித்தபோது சிரித்துக்கொண்டேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

சாதாரணமாக அறிவிப்பு எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். நூல் பெயர், ஆசிரியர் பெயர், நாள், நேரம், இடம், தேநீர் உண்டு, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை இரண்டு இரவு உட்கார்ந்தும் நான்கு வரி வரவில்லை. ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் என்ன போடுவது? அக்காவின் அம்மா தமிழ் முரசில் சமூக நிகழ்ச்சிப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவர். 'காதல் கதை' என்று மட்டும் போட்டால் வருகிறவர்கள் ஏமாந்ததாக நினைக்கக்கூடும். 'இரு பெண்களின் காதல் கதை' என்று போட்டால் வர வேண்டியவர்களே தயங்கக்கூடும், ஏனென்றால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதே ஒரு வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். யாருக்கு அனுப்புவது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி.

ஆங்கிலத்தில் குயர் காதல் நாவல்கள் எழுதும் மூன்று நான்கு பேரின் மின்மடல்கள் எனக்கு வருகின்றன. அட்டைப்படம் இதோ, வெளியீடு இந்தத் தேதி, இந்த ஊர்க் கடையில் கையெழுத்துப் போடுகிறேன் வாருங்கள், கூடவே பூனையின் படம். அத்தனை சாவகாசமாக எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது பொறாமையாகத்தான் இருக்கும். இந்தச் சாவகாசம் எப்போது வந்தது என்று தேட ஆரம்பித்ததில் அக்காவின் அறிவிப்பை மறந்தே போய்விட்டேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1947-இல் லாஸ் ஏஞ்சலிஸில் எடித் ஐட் என்ற பெண் ஆர்.கே.ஓ திரைப்பட நிறுவனத்தில் செயலாளராக வேலை பார்த்தார். வேலை அதிகமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது தெரியக்கூடாது, ஏதாவது தட்டச்சு செய்துகொண்டிரு என்பது முதலாளியின் உத்தரவு. அவரும் செய்தார். தட்டச்சுப்பொறியில் கார்பன் தாள்களைச் செருகி, ஒரே இதழை இரண்டு முறை அடித்து, பத்துப் பன்னிரண்டு பிரதிகள் எடுப்பார். இதழின் பெயர் 'வைஸ் வெர்சா'. அமெரிக்காவில் பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக வந்த, நமக்குத் தெரிந்த முதல் இதழ் அதுதான். 1948 பிப்ரவரிவரை ஒன்பது இதழ்கள் வந்தன. கவிதை, கதை, திரைப்பட விமர்சனம், முக்கியமாகப் புத்தக அறிமுகம். எந்த நாவலில் நம்மைப் போன்ற ஒருத்தி வருகிறாள், அவளுக்கு என்ன ஆகிறது என்ற தகவல். இதழில் யார் பெயரும் கிடையாது. எடித் பின்னாளில் லிசா பென் என்ற பெயரில் எழுதினார். ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளை மாற்றிப் போட்டால் லெஸ்பியன் என்று வரும்.

முதலில் அவர் சில பிரதிகளைத் தபாலில் அனுப்பினார். சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று ஒரு தோழி எச்சரித்த பிறகு கையிலேயே கொடுக்கத் தொடங்கினார். படித்ததும் தூக்கிப் போடாதீர்கள், அடுத்தவளுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு புத்தகச் செய்தி போய்ச்சேர்ந்த வழி இதுதான். ஒரு கை, அடுத்த கை.

தபாலுக்கு ஏன் அப்படிப் பயப்பட்டார்கள்? 1873-இல் வந்த காம்ஸ்டாக் சட்டம். ஆபாசம் என்று கருதப்படும் எதையும் தபாலில் அனுப்புவது குற்றம். நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒன்று இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆபாசமான பொருளை அனுப்புவது மட்டுமில்லை, அது எங்கே கிடைக்கும் என்று தகவல் சொல்வதும் குற்றம். அதாவது அறிவிப்பே குற்றம்.

இது ஏட்டளவில் இருந்த ஆபத்து இல்லை. 1953-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'ஒன்' என்ற இதழின் 1954 அக்டோபர் பிரதிகளை அந்த நகரத்தின் தபால் அதிகாரி நிறுத்தி வைத்தார். வழக்கு நடந்தது. இதழில் ஆபாசம் என்று காட்டப்பட்டவை மூன்று. ஆங்கிலேயப் பிரபுக்களைக் கிண்டல் செய்யும் ஒரு கவிதை. ஒரு சிறுகதை. ஒரு விளம்பரம். அந்தச் சிறுகதை, கல்யாணம் செய்துகொள்ளும் வாய்ப்பை விட்டுவிட்டு ஓர் இளம்பெண் இன்னொரு பெண்ணோடு வாழப் போவதைச் சொல்வது. படுக்கையறைக் காட்சி எதுவும் கிடையாது. அவள் முடிவில் சந்தோஷமாகப் போகிறாள், குற்றம் அதுதான். விளம்பரமோ சுவிட்சர்லாந்திலிருந்து வந்துகொண்டிருந்த 'டெர் கிரைஸ்' என்ற இதழுக்கானது. அதில் ஆபாசமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆபாசமானது எங்கே கிடைக்கும் என்று சொல்கிறது, அதனால் அதுவும் தடைக்குரியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1957-இல் சொன்னது.

ஒரு காதல் கதையும் ஒரு புத்தகச் செய்தியும். இவை இரண்டும் சேர்ந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயின. எரிக் ஜூல்பர் என்ற இளம் வழக்கறிஞர் காசு வாங்காமல் வாதாடினார். 1958 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், ஒரே வரியில், கீழ்நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அன்றிலிருந்து தன்பாலீர்ப்பைப் பற்றி எழுதுவதே ஆபாசம் என்று சொல்ல முடியாமல் போனது.

ஆனால் 1958-க்கு முன்பே அமெரிக்க மருந்துக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் சுழலும் கம்பித் தட்டுகளில் இப்படிப்பட்ட நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தனவே, அது எப்படி? இருபத்தைந்து சென்ட், மெல்லிய அட்டை, அரைகுறை உடையில் இரண்டு பெண்கள் படம். 1952-இல் கோல்ட் மெடல் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பிரிங் ஃபயர்' சுமார் பதினைந்து லட்சம் பிரதிகள் போனது. எழுதியவர் மரிஜேன் மீக்கர், அட்டையில் இருந்த பெயர் வின் பேக்கர். பதிப்பாசிரியர் டிக் கேரல் அவருக்கு ஒரு நிபந்தனை வைத்தார். கதை இன்பமாக முடியக்கூடாது. இந்த வாழ்க்கை நல்லது என்று சொல்வதுபோல் இருந்தால் தபால் பரிசோதகர்கள் மொத்தத்தையும் பிடித்துவிடுவார்கள். அதனால் கதையில் ஒருத்திக்குப் பைத்தியம் பிடிக்கிறது, மற்றவள் தான் அவளை நேசிக்கவே இல்லை என்று உணர்கிறாள். மீக்கருக்கு அந்த முடிவு கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நாவலை மறுபதிப்பு செய்ய அரை நூற்றாண்டு காலம் விடவில்லை. 2004-இல்தான் சம்மதித்தார்.

அதே 1952-இல் இன்னொரு நாவல். பட்ரீஷியா ஹைஸ்மித்தின் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'. 'கேரல்' என்ற 2015 திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். நியூயார்க்கின் பெரிய கடையில் பொம்மை விற்கும் பெண், விலையுயர்ந்த மேலங்கியோடு வரும் திருமணமான பெண். இதில் யாரும் சாகவில்லை, யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை, சேர்ந்து வாழ்வதற்கான சாத்தியத்தோடு நாவல் முடிகிறது. ஹைஸ்மித்தின் முந்தைய நாவலை ஹிட்ச்காக் படமாக எடுத்திருந்த நேரம் அது. பெயர் உச்சத்தில் இருந்தது. ஆனால் அட்டையில் அந்தப் பெயர் இல்லை. கிளேர் மார்கன் என்று இருந்தது.

அடுத்த ஆண்டு மலிவுப் பதிப்பு வந்ததும் கடிதங்கள் குவிந்தன. பதிப்பகத்தின் முகவரிக்கு, கிளேர் மார்கன் என்ற இல்லாத பெண்ணுக்கு, வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கடிதங்கள் என்று மாதக்கணக்கில் வந்ததாக ஹைஸ்மித் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எங்களைப் போன்றவர்கள் சாகாமல் முடியும் முதல் கதை இது என்று பலர் எழுதியிருந்தார்கள். சின்ன ஊர்களில் தனியாக இருந்தவர்கள் அறிவுரை கேட்டு எழுதினார்கள். இத்தனை வாசகர்கள் இருந்தும் ஹைஸ்மித்தால் ஒரே ஓர் ஊரில்கூட நின்று 'நான்தான் எழுதினேன்' என்று சொல்ல முடியவில்லை. 1990-இல்தான் அவர் பெயரோடு அந்த நாவல் வந்தது. முப்பத்தெட்டு வருடம். ஐந்து வருடம் கழித்து இறந்துபோனார். ஹைஸ்மித் பழகுவதற்கு எளிய மனிதர் இல்லை, பல விஷயங்களில் மோசமான கருத்துகள் கொண்டவர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதங்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்திருப்பார் என்று நினைக்கும்போது என்னமோ செய்கிறது.

பதிப்பாளர்களுக்கு இந்த வாசகிகள் யாரென்றே தெரியாது. ஆண்கள் கிளுகிளுப்புக்காக வாங்குகிறார்கள் என்று நினைத்து அட்டைப்படம் போட்டார்கள். அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கலையைப் பெண்கள் தாங்களாகக் கற்றுக்கொண்டார்கள். அட்டையிலே 'விசித்திரமான', 'நிழல்', 'அந்தி' மாதிரியான சொற்கள் இருந்தால் அது நமக்கானது. தட்டிலிருந்து எடுத்து, நடுவில் வேறு இரண்டு புத்தகங்களைச் சொருகி, கல்லாவில் நிற்கும் ஆளின் முகத்தைப் பார்க்காமல் காசு கொடுத்துவிட்டு வருவது. பிலடெல்பியாவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஓர் இளம் மனைவி அப்படித்தான் 'ஸ்பிரிங் ஃபயர்' படித்தார், மீக்கருக்குக் கடிதம் எழுதினார், நியூயார்க் போய் டிக் கேரலைப் பார்த்தார். 1957-இல் ஆன் பேனன் என்ற பெயரில் அவருடைய முதல் நாவல் 'ஆட் கேர்ள் அவுட்' வந்தது. ஐந்தாறு ஆண்டுகள் எழுதிவிட்டு நிறுத்தினார். மொழியியல் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்தார்.

சரி, கடையில் தற்செயலாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு என்ற இந்த நிலை எப்படி மாறியது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார். பார்பரா கிரியர்.

பிறந்தது 1933, சின்சினாட்டியில். பன்னிரண்டு வயதில் அம்மாவிடம் போய் நான் இப்படி என்று சொல்லியிருக்கிறார். அம்மா பதறவில்லை. பன்னிரண்டு வயதில் முடிவெடுப்பது கொஞ்சம் சீக்கிரம், ஆறு மாதம் பொறுத்துப் பிறகு செய்தித்தாளுக்குச் சொல்லலாம் என்றாராம். இந்த அம்மாவைப் பற்றி யாராவது தனியாக ஒரு புத்தகம் எழுத வேண்டும்.

1955-இல் சான் பிரான்சிஸ்கோவில் டெல் மார்ட்டின், பிலிஸ் லயன் என்ற இணையரும் சில தோழிகளும் சேர்ந்து 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மதுக்கூடத்துக்குப் போகாமல் பெண்கள் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அதுதான் முதல் நோக்கம். 1956 அக்டோபரில் 'தி லேடர்', அதாவது ஏணி, என்ற இதழ் வந்தது. இருநூறுக்கும் குறைவான பிரதிகள். பெயரில்லாத பழுப்பு உறையில் போட்டு அனுப்பினார்கள். ஆனாலும் பெண்கள் சந்தா கட்டப் பயந்தார்கள். நம் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது, பட்டியல் போலீஸ் கையில் போனால்? அதனால் இரண்டாவது இதழிலேயே உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது என்று சட்டத்தை மேற்கோள் காட்டி ஒரு கட்டுரை போட வேண்டியிருந்தது. வேடிக்கை, ஆசிரியராக இருந்த பிலிஸ் லயனே ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில்தான் இருந்தார். பயப்படாதீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நாம் ஒளிந்திருக்கிறோமே என்று அவருக்கே உறுத்தி, சில மாதங்களில் ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டார் என்று இதழில் அறிவித்துவிட்டுச் சொந்தப் பெயரில் வந்தார். பயமும் வீண் பயமில்லை. எஃப்.பி.ஐ அந்த அமைப்பைக் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தது. 1957-இல் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கையெழுத்தாகப் போட்டு இரண்டு கடிதங்கள் இதழுக்கு வந்தன. எழுதியவர் நாடகாசிரியர் லோரைன் ஹான்ஸ்பெரி.

கிரியர் அதே வருடம் எழுதத் தொடங்கினார். இருந்தது கன்சாஸ் நகரத்தில், நூலகரான தன் இணையோடு. ஜீன் டேமன் என்பது முக்கியமான புனைபெயர், இன்னும் பல உண்டு. 'லெஸ்பியானா' என்ற பத்தியில் ஒவ்வொரு மாதமும் புத்தகங்கள். புதிய நாவல், பழைய நாவல், சிறுகதைத் தொகுப்பில் மறைந்திருக்கும் ஒரே ஒரு கதை, எதையும் விடமாட்டார். 1967-இல் இன்னொருவரோடு சேர்ந்து அதையெல்லாம் ஒரு நூல்பட்டியலாகவே கொண்டுவந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் குறியீடு. முழுக்க நம்மைப் பற்றியது என்றால் ஏ. துணைப்பாத்திரம் என்றால் பி. சொல்லாமல் சொல்வது, அடக்கி வைத்தது என்றால் சி. குப்பை என்றால் டி. தரம் நன்றாக இருந்தால் நட்சத்திரம். கோட்பாடு பேசும் விமர்சகர்களுக்கு இதெல்லாம் விமர்சனமாகவே தெரியாது. ஆனால் ஓஹையோவில் ஏதோ ஒரு சிற்றூரில் மாதச் சம்பளத்தில் ஒரு புத்தகம் மட்டும் வாங்க முடிந்த பெண்ணுக்கு அந்த ஏ-யும் நட்சத்திரமும் என்னவாக இருந்திருக்கும்!

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கின்சியின் ஆய்வு நிறுவனத்தில் நூலகராக இருந்த ஜெனட் ஹோவர்ட் ஃபாஸ்டர். சாஃபோவிலிருந்து தொடங்கி இலக்கியத்தில் பெண்களை நேசித்த பெண்களைத் தேடித் தேடி எழுதிய ஆய்வுநூலை 1956-இல் சொந்தக் காசு போட்டு வெளியிட்டார். நம்மூரில் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கிரியரை எனக்குப் பிடிக்கும் என்றேன். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது துதிப்பாடலாகிவிடும். 1970-இல் 'தி லேடர்' இதழின் ஆசிரியராக இருந்த அவரும், அமைப்பின் அப்போதைய தலைவி ரீட்டா லபோர்ட்டும் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்திலிருந்து சந்தாதாரர் முகவரிப் பட்டியலை யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது என்று உறுதி சொல்லிச் சேர்த்த அதே பட்டியல். இதழை அமைப்பிலிருந்து பிரித்துத் தனியாக நடத்தினார்கள். 1972-இல் பணமில்லாமல் இதழ் நின்றது. இதழை இழந்த அமைப்பும் தேசிய அளவில் கலைந்துபோனது. இதழைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தோம் என்பது கிரியரின் நியாயம். டெல் மார்ட்டினும் பிலிஸ் லயனும் அதைத் திருட்டு என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பட்டியல் கையில் இருந்ததால்தான் அடுத்தது நடந்தது. 1973-இல் கிரியர், அவருடைய இணை டோனா மெக்பிரைட், வழக்கறிஞர் அனைடா மர்ச்சன்ட், அவருடைய இணை மியூரியல் கிராஃபோர்ட் நால்வரும் நயாட் பிரஸ் தொடங்கினார்கள். முதல் நூல் 1974-இல் வந்த 'தி லேட்கமர்', மர்ச்சன்ட் சாரா ஆல்ட்ரிட்ஜ் என்ற பெயரில் எழுதிய காதல் நாவல். புத்தகம் வந்துவிட்டது என்ற செய்தி பழைய 'தி லேடர்' வாசகிகளின் வீட்டுக்கே போனது. கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம். சுழலும் தட்டில் தேட வேண்டாம். எழுதியவரும் பதிப்பித்தவரும் படிப்பவரும் ஒரே வகை ஆட்கள். இன்பமான முடிவைத் தடுக்க நடுவில் யாருமில்லை. 1983-இல் நயாட், ஆன் பேனனின் நாவல்களை மறுபதிப்பு செய்தது. 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' கூட, அப்போதும் கிளேர் மார்கன் பெயரில்தான், நயாட் வழியாக மீண்டும் வந்தது. 1983-இல்தான் கேத்ரின் ஃபாரஸ்டின் 'க்யூரியஸ் வைன்'. பேராசிரியை தன்னுடைய இருபது வயதுப் புத்தகங்களை இன்னும் ஆட்கள் தேடுகிறார்கள் என்று தெரிந்து, பிறகு கூட்டங்களில் மேடையேறி, ஆன் பேனன் நான்தான் என்று பேசினார்.

எனக்கு இதில் ஒரு தீர்ப்பு உண்டு. அது திருட்டுதான். நயாட் எத்தனை நல்ல காரியம் செய்திருந்தாலும் திருட்டுதான். பெயரைக் கொடுத்த பெண்கள் ஓர் இடத்தை நம்பிக் கொடுத்தார்கள், அதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போக அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

நான் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. போன வருடம் ஒரு பையன் தனியாகச் செய்தி அனுப்பி, தமிழில் குயர் கதைகள் படிக்க ஆள் தேடுகிறேன் என்றான். நான் உற்சாகத்தில் அவனைக் குழுவில் சேர்த்து, 'தமிழில் பால்புதுமையினர் இலக்கியம் பற்றிப் பேச ஆர்வமுள்ள தம்பி, வரவேற்போம்' என்று ஒரு வரியும் போட்டேன். குழுவில் எழுபது பேர். அதில் ஒருவர் அவனுடைய சித்தப்பாவோடு ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அன்று இரவே அவன் குழுவிலிருந்து வெளியேறினான். 'பரவால்ல கா' என்று மட்டும் அனுப்பினான். அதற்குப் பிறகு என் செய்திகளுக்கு நீலக்குறி விழவே இல்லை. என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இங்கே நம் பக்கம் வருகிறேன். சிங்கப்பூரின் முதல் ஆண் தன்பாலீர்ப்பு நாவல் என்று சொல்லப்படும் ஜோஹன் எஸ். லீயின் 'பெக்கியூலியர் கிறிஸ்' 1992-இல் வந்தது. இளம் வயதில், தேசிய சேவையின்போது எழுதியது. ஆங்கிலேயர் 1938-இல் கொண்டுவந்த 377ஏ அப்போது நடப்பிலிருந்த சட்டம். பிராஸ் பசாவில் பழைய புத்தகக் கடையில் என் பிரதியை வாங்கினேன். முதல் பக்கத்தில் முந்தைய சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்த இடம் பிளேடால் சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. மலேசியாவில் 2009-இல் ஜெரோம் கூகன், பாங் கீ தேய்க் தொகுத்த 'பாடி டு பாடி' வந்தது. 2008 முதல் கோலாலம்பூரில் நடந்துவந்த 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' விழாவை 2011 நவம்பரில் போலீஸ் தடை செய்தது. புத்தகம் அலமாரியில் இருக்கலாம், அதைச் சுற்றி ஆட்கள் கூடினால்தான் சிக்கல் என்று அந்த வருடங்களின் செய்திகளைப் படிக்கும்போது தோன்றுகிறது.

புத்தகத்துக்கே சிக்கல் வந்ததும் உண்டு. 2014 ஜூலையில் இரண்டு ஆண் பென்குயின்கள் ஒரு குஞ்சை வளர்க்கும் சிறுவர் படப்புத்தகம் உள்பட மூன்று நூல்களைத் தேசிய நூலக வாரியம் அலமாரியிலிருந்து எடுத்து அழிக்கப்போவதாகச் செய்தி வந்தது. அந்த மாதம் 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு வெளியே பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சுமார் 400 பேர் தரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் படித்தார்கள். எனக்கு அப்போது பள்ளி வயது. அடுத்த நாள் படத்தைத்தான் பார்த்தேன். இரண்டு புத்தகங்கள் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றப்பட்டுத் தப்பித்தன. மூன்றாவது அதற்கு முன்பே கூழாகிவிட்டது. 377ஏ-வை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மலேசியாவில் சட்டம் இன்றும் இருக்கிறது.

எங்குமே இது ஒரே திசையில் போகவில்லை. லண்டனில் 1979-இல் திறந்த 'கேஸ் தி வோர்ட்' கடையில் 1984-இல் சுங்க அதிகாரிகள் புகுந்து இறக்குமதிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் இழுத்தடித்து வழக்கைக் கைவிட்டார்கள். கடை இன்னும் நடக்கிறது. ஹங்கேரியில் 2023-இல் 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்ற பதின்பருவக் காதல் படக்கதையை மூடிய உறை போடாமல் விற்றதற்காக ஒரு பெரிய புத்தகக்கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம். மறுபடியும் உறை. தமிழில் 2018-இல் சென்னையில் முதல் குயர் இலக்கிய விழா நடந்தபோது அதன் அறிவிப்பு என் தொலைபேசிக்கு வந்தது. நாள், நேரம், இடம் எல்லாம் வெளிப்படையாக, தமிழில். வகுப்பில் இருந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. போகவா போகிறேன்? இருந்தாலும் பார்த்தேன்.

போன ஞாயிறு அக்காவோடு தேக்கா சந்தையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, என் அறிவிப்பு எங்க?" என்றார்.

தாளை எடுத்தோம். பெயர் புனைபெயர்தான், அதில் மாற்றமில்லை. "அம்மா இருக்கிறவரைக்கும் இப்படியே இருக்கட்டும். ஹைஸ்மித்துக்கே முப்பத்தெட்டு வருஷம் ஆச்சுன்னு நீதானே சொன்ன" என்றார். 'இரு பெண்களின் காதல் கதை' என்று போடலாம் என்று அவரே சொன்னார். போடாவிட்டால் தேடுகிறவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். படம் எடுக்கக்கூடாது என்று ஒரு வரி. வருகிறவர்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று இன்னொரு வரி. இடத்தைப் பொதுவில் போடவில்லை, கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புவது என்று முடிவு.

"குரூப்ல போடாத, சரியா? ஒவ்வொருத்தரா கேட்டு அனுப்பு" என்றார்.

"சரிக்கா."

"அந்தத் தம்பிக்கு?"

அவனுக்கு அனுப்பலாமா கூடாதா என்று நாங்கள் தே ஆறும்வரை பேசினோம். கடைசியில் நூல் பெயரையும் தேதியையும் மட்டும் ஒரு வரியில் அனுப்பினேன், வா என்று எழுதவில்லை. இதை எழுதி முடிக்கும்வரை ஒற்றைச் சாம்பல் குறிதான் இருக்கிறது. இடம் கொடுத்தவர் எத்தனை நாற்காலி போடட்டும் என்று கேட்டார். இருபது என்று சொல்லியிருக்கிறோம்.